நடுச்சுவர் யாருடையது?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் எட்டு வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் செர்ரி ரோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. கணவருக்குக் கலெக்டர் ஆபீஸ் அருகே வேலை. மகன் பத்தாவது, மகள் ஆறாவது. மாமியாருக்கு 71 வயது, மூட்டுவலி. இப்போது இரண்டு வீடுகள் எங்கள் கைக்கு எட்டும் விலையில் வந்திருக்கின்றன. ஒன்று, நாலு ரோட்டிலிருந்து அரிசிபாளையம் போகும் வழியில், 16 அடிச் சந்துக்குள் புதிதாகக் கட்டிய ரோ ஹவுஸ். வடக்குப் பார்த்து வரிசையாக 11 வீடுகள். ஒவ்வொன்றும் 15 அடிக்கு 52 அடி மனை, கீழும் மேலுமாக 1,250 சதுர அடி. 4-ம் நம்பரும் கடைசி 11-ம் நம்பரும்தான் பாக்கி. 4-ம் நம்பர் 78 லட்சம். கடைசி வீடு கார்னர் என்பதால் 3 லட்சம் கூடுதல்; மேற்கே காலி மனை, நல்ல காற்று. இன்னொன்று, கருப்பூர் தாண்டி 1,800 சதுர அடி மனையில் தனி வீடு, 70 லட்சம். கணவருக்கு ரோ ஹவுஸ்தான் பிடித்திருக்கிறது. "பக்கத்து வீட்டுக்காரன் தும்மினால் உனக்குக் கேட்கும்" என்று என் அண்ணன் பயமுறுத்துகிறார். மாமியார், திண்ணை இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறார். எதை வாங்கலாம்?

சேலம் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. தும்மல் கேட்காது, மிக்ஸி கேட்கும்.

நான் சேலம் குகைப் பகுதியில் ஒரு நெசவாளர் தெருவில் பிறந்து வளர்ந்தவன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம்தான் எனக்குக் காலை அலாரம். ஒருநாள் தறி ஓடவில்லை என்றால் எங்கள் அப்பா பல் குச்சியோடு எழுந்து போய், "என்னப்பா, உடம்புக்கு முடியலையா?" என்று எட்டிப் பார்ப்பார். குகை, அம்மாபேட்டை, அக்ரஹாரத் தெருக்கள் எல்லாமே சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்தான். ஆகவே ரோ ஹவுஸ் என்ற பெயர்தான் சேலத்துக்குப் புதிது. ஒரே ஒரு வித்தியாசம்: அந்தப் பழைய நடுச்சுவர்கள் ஒன்றரை அடி கனம். இன்று பல இடங்களில் அது நாலரை அங்குலம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் குடும்பத்துக்கு அந்த 4-ம் நம்பர் வீடு பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் சில விஷயங்களைக் கண்ணாலும் சில விஷயங்களைக் காகிதத்திலும் பார்த்துவிட வேண்டும். தனி வீட்டில் உங்கள் தவறுக்கு நீங்கள் மட்டும்தான் பொறுப்பு. வரிசை வீட்டில் சுவர், சாக்கடை, தண்ணீர்த் தொட்டி, வழி என்று நாலைந்து விஷயங்கள் அடுத்தவரோடு சேர்ந்தே வருகின்றன. அவற்றைப் பார்க்காமல் டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் அப்புறம் வீட்டுக்குப் பிளான் போடும் என்னைப் போன்ற ஆட்களைக் கூப்பிடுகிறார்கள்.

சுவரில் ஆரம்பிக்கலாம். 4-ம் நம்பருக்கும் 3-ம் நம்பருக்கும் நடுவே ஒரே சுவரா, அல்லது இரண்டு வீட்டுக்கும் தனித்தனிச் சுவர் எழுப்பி நடுவில் ஓர் அங்குலமாவது இடைவெளி விட்டிருக்கிறார்களா? இதை பில்டரிடம் கேட்டால் "எல்லாம் ஸ்டாண்டர்டா பண்ணியிருக்கோம்மா" என்பார். மொட்டை மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரைப் பாருங்கள். தனித்தனிச் சுவர் என்றால் அங்கே ஒரு நீளக் கோடு, அதன் மேல் தகரமோ சிமென்ட் மூடியோ தெரியும். அந்த மூடி இல்லாமல் இடைவெளி திறந்து கிடந்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி இரண்டு வீட்டிலும் ஓதம் காக்கும். ஒரே சுவர் என்றால், ஒன்பது அங்குலச் செங்கல் சுவராக இருந்தால் பேச்சுச் சத்தம் பெரும்பாலும் அடங்கிவிடும். நாலரை அங்குலம் என்றால் பக்கத்து வீட்டு சீரியலின் கதை உங்களுக்கும் தெரிந்துவிடும். அதே கனத்தில் உள்ளீடற்ற ஹாலோ பிளாக் என்றால் இன்னும் மோசம். எந்தக் கனமானாலும், இடித்து எழும் சத்தம் மட்டும் சுவரோடு சேர்ந்து ஓடி வந்துவிடும். மிக்ஸி வைத்த மேடை, கதவு அறைவது, அலமாரியை இழுப்பது எல்லாம் இந்த ரகம்.

வேலைக்கு வந்த புதிதில் நானே ஒரு தப்பு செய்தேன். ஒரு வரிசையில் இரண்டிரண்டு வீடாகக் கண்ணாடி பிம்பம் மாதிரி பிளான் போட்டேன். பைப் செலவு மிச்சம் என்று இரண்டு வீட்டுச் சமையல் மேடையையும் ஒரே நாலரை அங்குலச் சுவரில் முட்டுக்கொடுத்தேன். ஒரு வீட்டம்மா விடியற்காலை ஐந்து மணிக்குச் சட்னி அரைப்பவர். அடுத்த வீட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுப்பவர். இரண்டு குடும்பமும் ஒருவருக்கொருவர் பேசுவதை நிறுத்தியதுதான் மிச்சம். நீங்கள் பார்க்கும் வீட்டில் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். படிக்கட்டோ அலமாரியோ இருந்தால் நல்லது. உங்கள் படுக்கைத் தலைமாட்டுக்குப் பின்னால் அவர்களுடைய பாத்ரூம் இருந்தால் யோசியுங்கள். சத்தம் ஒன்று, ஓதம் இன்னொன்று. அவர்கள் பத்து வருடம் கழித்து டைல்ஸ் மாற்றும்போது அடியில் இருக்கும் வாட்டர்ப்ரூஃபிங்கைக் கிழித்தால் பூஞ்சை பூப்பது உங்கள் சுவரில்தான்.

இந்தச் சுவர் பத்திரத்திலும் இருக்க வேண்டும். கிரயப் பத்திரத்தில் சக்குபந்தி, அதாவது நான்கு பக்க எல்லை எழுதும்போது "கிழக்கில் 3-ம் எண் வீடு" என்று சும்மா எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். "கிழக்கு, மேற்குச் சுவர்கள் பொதுச்சுவர், பழுது பார்க்கும் செலவு இரு தரப்புக்கும் சரிபாதி, ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் சுவரைக் குடையவோ இடிக்கவோ மேலே பாரம் ஏற்றவோ கூடாது" என்று விளக்கமாக எழுதச் சொல்லுங்கள். பத்திர எழுத்தருக்கு இது ஐந்து நிமிட வேலை. எழுதாமல் விட்டால் பிள்ளைகள் காலத்தில் ஐந்து வருட வழக்கு. சந்தில் நடக்கவும் வண்டி ஓட்டவும் உள்ள பாத்தியம், பொதுப் போர், சம்ப், மின்மோட்டார் எல்லாவற்றையும் அதே இடத்தில் சேர்த்துவிடுங்கள். பல இடங்களில் போர்வெல் முதல் வீட்டு போர்டிகோவுக்குள் இருக்கும். முதல் வீட்டுக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் விற்றுவிட்டுப் போனால் வருகிறவரிடம் காட்ட உங்கள் கையில் ஒரு வரி எழுத்து இருக்க வேண்டும்.

அடுத்தது நிலம். 780 சதுர அடியும் உங்கள் பெயருக்குத் தனியாக அளந்து உட்பிரிவு செய்து தருகிறார்களா, அல்லது மொத்த நிலத்தில் பதினொன்றில் ஒரு பங்கு என்று பிரிக்கப்படாத பாகமாக எழுதுகிறார்களா? தனி மனை என்றால் டவுன் சர்வே பதிவேட்டில் உங்கள் பெயர் தனியாக ஏறும். பிரிக்கப்படாத பாகம் என்றால் நீங்கள் வாங்குவது நடைமுறையில் படுத்துக் கிடக்கும் ஒரு அபார்ட்மென்ட். அதில் தப்பில்லை, ஆனால் அதற்குத் தனி வீட்டு விலை கொடுக்கக் கூடாது. வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், உள்ளூர் திட்டக் குழும அனுமதி பெற்ற வரைபடம் எல்லாம் வழக்கம்போல வக்கீலிடம் காட்டிவிடுங்கள். "பேங்க்கே லோன் குடுக்குது, அப்புறம் என்ன?" என்று உங்கள் கணவர் கேட்கலாம். பேங்க் பார்ப்பது தன் பணம் திரும்பி வருமா என்பதை. சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பேங்க் பார்க்காது.

ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2016-ம் ஆண்டுச் சட்டப்படி, நிலம் 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ வீடுகள் எட்டுக்குள் இருந்தாலோ பதிவிலிருந்து விலக்கு உண்டு. 500 சதுர மீட்டர் என்றால் சுமார் 5,380 சதுர அடி. உங்கள் வரிசையில் வீடுகள் 11. மனைகளை மட்டும் கூட்டினாலே 8,580 சதுர அடி வருகிறது. இரண்டு கணக்கிலும் தாண்டிவிட்டதால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு எண் இருந்தாக வேண்டும். எண்ணை வாங்கி இணையத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். இதில் இன்னொரு லாபம், வீட்டை ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைக் குறையோ வந்தால் பில்டர் தன் செலவில் சரி செய்ய வேண்டும், நீங்கள் தெரிவித்ததிலிருந்து 30 நாளுக்குள். பதிவு எண் இல்லை என்றாலோ "அப்ளை பண்ணியிருக்கோம்" என்றாலோ நான் ஆரம்பத்தில் சொன்ன முடிவை மறந்துவிடுங்கள்.

இனி 4-ஆ 11-ஆ. ஊரில் எல்லோரும் கார்னர் வீட்டுக்கு ஆசைப்படுவார்கள். ஒரே பக்கம்தான் பக்கத்து வீடு, மூன்று பக்கம் ஜன்னல். ஊட்டியாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். சேலத்தில் மேற்குச் சுவர் என்பது ஒரு அடுப்பு. சுற்றிலும் ஜருகுமலை, நகரமலை, கஞ்சமலை என்று மலைகள். நடுவில் கிண்ணம் மாதிரி ஊர். பங்குனி சித்திரையில் மதியம் வாங்கும் வெயிலை ஒன்பது அங்குலச் சுவர் உடனே உள்ளே விடாது. ஏழெட்டு மணி நேரம் வைத்திருந்து, நீங்கள் படுக்கப் போகும் பத்து மணிக்கு நிதானமாக உள்ளே தள்ளும். 4-ம் நம்பருக்கு இரண்டு பக்கமும் வீடுகள் போர்வை மாதிரி இருக்கின்றன. வெயில் படுவது முன்சுவர், பின்சுவர், மொட்டை மாடி மட்டும்தான். வரிசை வீட்டில் நடுவீடு குளுமையாக இருப்பதை எங்கள் தெருவில் பாட்டிமார்கள் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். மாடிக்கு மட்டும் கூல் டைல்ஸோ வெள்ளை அடித்த நல்ல வெதரிங் கோர்ஸோ (தளத்தின் மேல் போடும் வெயில், மழைக் காப்பு) போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அந்தக் காலி மனைக் காற்றுக்காக 3 லட்சம் என்பதும் எனக்கு ஏற்கவில்லை. அது இன்னொருவருடைய மனை. நாளைக்கே அவர் கட்டலாம். ஜன்னல் வழி வரும் வெளிச்சமும் காற்றும் உங்கள் உரிமை என்று 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி வாதாட வேண்டுமானால் இருபது வருடம் இடையூறில்லாமல் அனுபவித்திருக்க வேண்டும். புது வீட்டுக்கு அந்த வாதம் கிடையாது. கடைசி வீட்டுக்கும் மேற்கு எல்லைக்கும் நடுவே அவர்களுடைய சொந்த நிலத்தில் எத்தனை அடி விட்டிருக்கிறார்களோ அவ்வளவு காற்றுதான் நிச்சயம். (வேடிக்கை என்னவென்றால், அவர் கட்டிவிட்டால் உங்கள் மேற்குச் சுவருக்கு நிழல் கிடைத்துவிடும். காற்று போகும், சூடும் போகும்.)

நடுவீட்டின் பலவீனம் வெளிச்சம். 15 அடி அகலம், சுவர் போக உள்ளே பதிமூன்றரை அடி. முன்னால் ஜன்னல், பின்னால் ஜன்னல், நடுவில் இருட்டு. பழைய வீடுகளில் இதற்காகத்தான் முற்றம் வைத்தார்கள். வசதியில்லாத எங்கள் வீட்டில் ஓட்டுக்கு நடுவே இரண்டு கண்ணாடி ஓடு. இப்போது ஓ.டி.எஸ். என்று ஒரு வெட்டவெளி விடுகிறார்கள். அது உங்கள் வீட்டுக்கு மட்டுமா, பக்கத்து வீட்டோடு பொதுவா என்று பாருங்கள். பொதுவென்றால் அவர்கள் வீட்டு மீன் குழம்பு உங்கள் ஹாலுக்கு வரும். அதைவிட, இரண்டு வீட்டு பாத்ரூம் வெண்டிலேட்டரும் அதற்குள் எதிரெதிரே திறந்தால் பேச்சும் வரும். மதியம் பன்னிரண்டு மணிக்குப் போகாதீர்கள், எந்த வீடும் அப்போது வெளிச்சமாகத்தான் இருக்கும். சாயங்காலம் நாலு மணிக்குப் போய் எல்லா லைட்டையும் அணைக்கச் சொல்லுங்கள். ஹால் நடுவில் நின்று செய்தித்தாள் படிக்க முடிந்தால் சரி.

இப்போது யாரும் பார்க்காத இடம், சாக்கடை. பதினொரு வீட்டுக் கழிவுநீரும் பின்பக்கம் ஒரே குழாயில் ஒவ்வொரு வீட்டு சேம்பராகக் கடந்து ரோட்டுக்கு வரும். தெருமுனை 1-ம் நம்பர் பக்கம் என்றால், 5 முதல் 11 வரை ஏழு வீட்டுக் கழிவும் உங்கள் பின்கட்டைத் தாண்டித்தான் போகும். 2-ம் நம்பரில் அடைத்தால் பொங்குவது 4-ம் நம்பரிலாகவும் இருக்கலாம். சேம்பர் மூடி வீட்டுக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? குழாய் நாலு அங்குலமா, ஆறு அங்குலமா? ஏழெட்டு வீட்டுக்கு நாலு அங்குலம் போதாது. பாதாளச் சாக்கடை இணைப்பு உண்மையிலேயே கொடுத்திருக்கிறார்களா, அல்லது இப்போதைக்கு செப்டிக் டேங்க்கா? செப்டிக் டேங்க் என்றால் லாரி வந்து உறிஞ்ச அந்த 16 அடிச் சந்துக்குள் நுழைந்து திரும்ப முடியுமா? ஒரு மேஸ்திரியை டியூப் மட்டத்தோடு கூட்டிப்போய், வீட்டுத் தளம் ரோட்டைவிட எவ்வளவு உயரம் என்று பிடித்துப் பாருங்கள். ரோடு போடும்போதெல்லாம் நாலு அங்குலம் ஏறுகிறது. இன்று ஒன்றரை அடி உயரத்தில் இருக்கும் வாசல் உங்கள் மகள் கல்யாணத்தின்போது ரோட்டுக்குச் சமமாகிவிடும். சேர்வராயன் மலைப் பக்கம் கறுத்து ஒரு மணி நேரம் கொட்டினால் திருமணிமுத்தாற்றை ஒட்டிய தாழ்வான தெருக்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் சந்து எப்படி என்பதை மழை விட்ட மறுமணி நேரத்தில் போய்ப் பார்ப்பதுதான் ஒரே வழி.

தண்ணீர்க் கணக்கு சுலபம். வீட்டுக்கு நாலு பேர் என்றால் 44 பேர். ஆளுக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கு எடுத்துக்கொள்ளும் அளவு. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 6,000 லிட்டர். பொது சம்ப் 12,000 லிட்டராவது இருந்தால்தான் ஒருநாள் மோட்டார் படுத்தாலும் தாங்கும். நம் ஊர் அடியில் பாறை. போரில் தண்ணீர் வந்தால் அதிர்ஷ்டம், வற்றினால் யாரையும் குறை சொல்ல முடியாது. மேட்டூர்த் தண்ணீர் அந்தச் சந்துக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்று முனையில் இருக்கும் மளிகைக்கடையில் கேளுங்கள். வீட்டை விற்கிற அவசரம் கடைக்காரருக்கு இல்லை.

பணக் கணக்கில் உங்கள் கணவர் ஒரு இடத்தில் தப்பு செய்வார் என்று எனக்குத் தோன்றுகிறது. "டவுனுக்குள்ள இருந்தா பெட்ரோலே மிச்சம்" என்பார். போட்டுப் பார்த்தேன். கருப்பூர் தாண்டியிருந்து இரண்டு பேரும் தனித்தனி வண்டியில் ஒரு வழி 12 கி.மீ. என்றால் மாதம் 25 நாளைக்கு 1,200 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. கொடுத்தால் 27 லிட்டர், 2,700 ரூபாய்க்குப் பக்கம். ரோ ஹவுஸுக்காகக் கூடுதலாகக் கடன் வாங்கும் 8 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டியில் இருபது வருடத் தவணை மாதம் ஏறக்குறைய 7,000. அதுபோக முத்திரைத்தாள் 7 சதவீதமும் பதிவுக்கட்டணம் 2 சதவீதமும் அந்த 8 லட்சத்துக்கும் சேர்த்துத்தான் வரும். ஆகவே பெட்ரோலை வைத்து ரோ ஹவுஸை நியாயப்படுத்த முடியாது.

நியாயப்படுத்துவது நேரம். ஐந்து ரோட்டில் 2020-ல் ஈரடுக்கு மேம்பாலம் திறந்த பிறகு ஓமலூர் ரோடு தேவலாம் என்றாலும், காலை எட்டரைக்குப் புறப்பட்டால் போக வர ஒருவருக்கு ஒன்றேகால் மணி நேரம் போய்விடும். நாலு ரோட்டிலிருந்து என்றால் பள்ளி மணி அடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் கிளம்பினாலும் போய்விடலாம். மகன் ப்ளஸ் டூ முடிக்கும் வரை டியூஷன், டெஸ்ட் என்று இரவு ஒன்பது மணிக்கு யாராவது கூட்டி வர வேண்டும். மாமியாருக்கு நடுராத்திரி நெஞ்சு அடைத்தால் அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனைகளும் பத்து நிமிடத்தில். மூன்று வருடம் கழித்து மகன் வெளியூர் போய்விட்டால்கூட மகளுக்கு அதே சுற்று மறுபடி ஆரம்பிக்கும். தவணைக்கும் பெட்ரோலுக்கும் உள்ள அந்த மாதம் 4,300 ரூபாய் வித்தியாசத்தை நேரத்துக்குக் கொடுக்கும் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கருப்பூர் வீட்டுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். வீடு பழசாகும், நிலம் பழசாவதில்லை. 1,800 சதுர அடி எங்கே, 780 எங்கே. அங்கே பின்னாளில் ஒரு மாடி எழுப்பலாம், இடித்துக் கட்டலாம், வேப்பமரம் வைக்கலாம். வரிசை வீட்டில் இரண்டு பக்கமும் ஆட்கள் குடியிருக்க நடுவீட்டை மட்டும் இடித்துக் கட்டுவது பெரும்பாடு. தூண்களும் அஸ்திவாரமும் பக்கத்து வீட்டோடு பின்னிக் கிடந்தால் இன்னொரு மாடி என்ற பேச்சே வேண்டாம். பையனுக்கு மேலே ஒரு போர்ஷன் எடுக்கும் எண்ணம் இருந்தால் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கை இப்போதே கேட்டு வாங்குங்கள். மொட்டை மாடி உங்களுடையதாக இருப்பதால் சோலார் போட மட்டும் தடையில்லை. 2024-ல் வந்த மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதே மொட்டை மாடியில் பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவர் மூன்றடிதான் என்றால் பூனைக்கும் திருடனுக்கும் அது ஒரே நீள ரோடு. மாடிக்கதவுக்கு இரும்பு கிரில் போட்டுவிடுங்கள்.

டவுன் வாழ்க்கையின் சத்தத்தைப் பற்றி எழுதவே தேவையில்லை, அஸ்தம்பட்டியில் எட்டு வருடம் இருந்தவர் நீங்கள். ஆனாலும் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்குச் சரக்கு லாரிகள் எந்த நேரத்தில் வருகின்றன, சந்தின் எந்த வீட்டில் வெள்ளிப் பட்டறை நடக்கிறது என்று பாருங்கள். கொலுசுப் பட்டறையில் ஆசிட் வாடை வரும், குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு அது ஆகாது. ஆடி மாதம் ஊரில் எந்தப் பேட்டையில் இருந்தாலும் மாரியம்மன் பாட்டு காதில் விழத்தான் செய்யும். குகை வண்டி வேடிக்கையைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதில் குறை சொல்ல வாய் வராது.

நல்லது கெட்டது பற்றியும் சொல்லத்தான் வேண்டும், தப்பாக நினைக்காதீர்கள். 16 அடிச் சந்தில் ஒரு வீட்டில் பந்தல் போட்டால் பத்து வீட்டுக் கார்கள் வெளியே நிற்கும். சீமந்தமானாலும் சாவானாலும் அதுதான் நிலை. பதினொரு குடும்பமும் முகம் சுளிக்காத ஆட்களா என்பது வீட்டின் பிளானில் தெரியாது. அந்த வரிசையில் ஏற்கனவே குடிவந்தவர்கள் ஒன்பது வீட்டுக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு வீட்டிலாவது காபி குடிக்கும் அளவுக்குப் பேசுங்கள். மோட்டார் கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள் என்று ஒரு கேள்வி போதும். சிரித்துக்கொண்டே பதில் சொன்னால் சங்கம் நன்றாக நடக்கிறது. ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினால் புரிந்துகொள்ளுங்கள்.

மாமியாருக்காக இரண்டு வேலை. இந்த மாதிரி வீடுகளில் இரண்டு படுக்கையறையும் மேலே இருக்கும். கீழே பூஜைக்கும் படிப்புக்கும் என்று ஒன்பதுக்குப் பத்து அடியில் ஒரு சிறு அறை விட்டிருப்பார்கள். அதைத்தான் அவருக்குக் கட்டில் போட வைத்துக்கொள்ள வேண்டும். படிக்கட்டுக்கு அடியில் டாய்லெட் கொடுத்திருந்தால் உள்ளே தலை இடிக்காமல் நிமிர முடிகிறதா, கதவு இரண்டரை அடியாவது இருக்கிறதா, சக்கர நாற்காலி போகுமா என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள். குறுகிய மனையில் இடம் மிச்சம் பிடிக்கப் படிகளை ஏழரை அங்குல உயரத்துக்கு வைத்துவிடுவார்கள். மூட்டுவலிக்காரருக்கு ஆறு, ஆறரைக்கு மேல் கஷ்டம். அவர் மேலே ஏறவே வேண்டாம் என்ற ஏற்பாடு இருந்தால்தான் 4-ம் நம்பர் உங்களுக்கு வீடு.

திண்ணை இருக்கிறதா என்று கேட்டாரே, அவருக்கு என் பதில்: இல்லை, ஆனால் போட்டுக்கொள்ளலாம். உள்ளளவு பதிமூன்றரை அடி போர்டிகோவில் கார் ஆறடி எடுத்துக்கொள்ளும், கதவு திறக்க இரண்டு பக்கமும் சேர்த்து நாலடி. மீதி மூன்றரை அடியில் நடைவழி போக, வாசல் பக்கச் சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்தில், ஐந்தடி நீளத்துக்கு ஒரு மேடை தாராளமாக வரும். உயரம் பதினெட்டு அங்குலத்துக்குக் குறைய வேண்டாம், தாழ்வாக இருந்தால் மூட்டுவலியோடு எழுந்திருக்க முடியாது. எழும்போது பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி. வடக்குப் பார்த்த வாசல் என்பதால் பகலெல்லாம் பெரும்பாலும் நிழல்தான், கடப்பாக் கல்லே பதிக்கலாம், சுடாது.